ஒரு கிளாஸ் ஒயின்னா எத்தனை மில்லி?

[திரையில்: வெள்ளை மேஜைவிரிப்பு. அகலமான பெரிய கிளாஸ். அடியில கொஞ்சம் சிவப்பு ஒயின்.]

இதுக்கு 85 ராண்ட். பார்த்த உடனே என்ன தோணுது? "என்னய்யா, கோயில்ல தீர்த்தம் கொடுக்கிற மாதிரி ஊத்தியிருக்கான்!"

இங்கே தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல ஃப்ளோரிடா ரோடு, உம்ஷ்லாங்கா பக்கம் சாப்பிடப் போற நம்ம ஆளுங்க அடிக்கடி புலம்பற விஷயம் இது. புரட்டாசி முடியட்டும்னு காத்திருந்துதான் இந்த வீடியோவைப் போடறேன். விரதத்துல இருக்கிறவங்க முன்னாடி கிளாஸை ஆட்டிக் காட்டறது நல்லா இருக்காது பாருங்க.

கிளாஸ்ல கால்வாசிதான் இருக்கு, அதனால ஏமாத்திட்டாங்கன்னு உடனே முடிவு கட்ட வேண்டாம். ஒயின் கிளாஸை யாரும் நிரப்பறதுக்காகச் செய்யறது இல்ல. லேசா சுழட்டணும், மேல காலியா இருக்கிற இடத்துல வாசனை தங்கணும். ரெட் ஒயினுக்குன்னு இப்போ வைக்கிற கிளாஸ் பல இடத்துல 500, 600 மில்லி பிடிக்கும். அதுல சரியா 150 மில்லி ஊத்தினாலும் பாதி கூட வராது. இன்னொரு கடையில விளிம்பு வரைக்கும் ஊத்தித் தருவாங்க, நாமளும் "தாராளமான கை"ன்னு சந்தோஷப்படுவோம். அங்கே கிளாஸே சின்னதா இருக்கும்.

தமிழ்நாட்டுல இருந்து வேலைக்கு வந்தவங்களுக்குச் சட்டுனு புரியற மாதிரி சொல்றேன். குவார்ட்டர் பாட்டில் 180 மில்லி. இங்கே மெனுல 175னு போட்டிருந்தா, திரவத்தோட அளவு கிட்டத்தட்ட அந்தக் குவார்ட்டர்தான். 250னு போட்டிருந்தா 750 மில்லி பாட்டில்ல மூணுல ஒரு பங்கு. தென்னாப்பிரிக்க மெனுக்கள்ல 150, 175, 250 மூணையும் பார்க்கலாம். சில மெனுல எதுவுமே இருக்காது, "கிளாஸ்"னு மட்டும் இருக்கும். வம்பு அங்கேதான் ஆரம்பிக்குது.

[திரையில்: சமையலறைத் தராசு. ரெண்டு கிளாஸ்: ஒண்ணு அகலம், ஒண்ணு ஒல்லியான ஷாம்பெயின் கிளாஸ்.]

இப்போ கிட்ட வந்து பாருங்க. அகலமான கிளாஸைத் தராசுல வச்சு, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வர்றேன். 150 கிராம் தண்ணி ஊத்தறேன். தண்ணி ஒரு கிராம்னா ஒரு மில்லி. ஒயினும் ஏறக்குறைய அப்படித்தான், ஒண்ணு ரெண்டு கிராம் வித்தியாசம் வரும், அவ்வளவுதான். தண்ணி நிக்கிற இடத்துல ஒரு ரப்பர் பேண்ட் போட்டுட்டேன். இதுல இருந்து 25 மில்லி வெளியே எடுக்கறேன். மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கு?

நாலு மில்லிமீட்டர் கூட இல்ல.

இந்தக் கிளாஸோட வயிறு 9 சென்டிமீட்டர் குறுக்களவு. அந்த இடத்துல ஒவ்வொரு மில்லிமீட்டர் உயரத்துக்கும் ஆறு மில்லிக்கு மேல பிடிக்குது. அதே 25 மில்லியை 5 சென்டிமீட்டர் குறுக்களவு இருக்கிற ஒல்லி கிளாஸ்ல எடுத்தா, மட்டம் ஒண்ணேகால் சென்டிமீட்டர் இறங்கும். குழந்தை கூட கண்டுபிடிச்சிடும். அகலக் கிளாஸ்ல நீங்களும் கண்டுபிடிக்க முடியாது, ஊத்தற பையனுக்கும் தெரியாது. சனிக்கிழமை ராத்திரி, மங்கலான வெளிச்சம், கையில நாலு தட்டு, பின்னாடி மேனேஜர் சத்தம். கண் அளவுல ஊத்தினா ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும்.

ஆனா எப்பவுமே குறையுதுன்னா? அப்போ கணக்கைப் பார்க்கணும். 750 மில்லி பாட்டில், 150 வீதம் ஊத்தினா அஞ்சு கிளாஸ். 125 வீதம் ஊத்தினா ஆறு. அந்த ஆறாவது கிளாஸ் கடைக்குச் சும்மா கிடைச்ச 85 ராண்ட். கிளாஸ் கணக்குல ஒயின் விக்கிற தொழில்ல பலரும் வச்சிருக்கிற கணக்கு என்னன்னா, முதல் கிளாஸ் வித்த காசுலயே மொத்த பாட்டிலோட கொள்முதல் விலை வந்துடணும். மிச்சத்துல வாடகை, சம்பளம், உடைஞ்ச கிளாஸ், கெட்டுப்போற ஒயின் எல்லாம் போகும். கெட்டுப்போறதுங்கறது சும்மா சாக்கு இல்ல. திறந்த பாட்டில்ல காத்து பட்டா ரெண்டு மூணு நாள்ல சுவை போயிடும். அதனாலதான் சில இடங்கள்ல ஆர்கான் வாயு உள்ளே விடற கருவியெல்லாம் வாங்கி வச்சிருக்காங்க. இது நியாயமான செலவு. அதை விலையில ஏத்தட்டும், அளவுல குறைக்க வேண்டாம். என் கட்சி இதுதான்.

மத்த நாட்டுல என்ன பண்றாங்க? ஜெர்மனியில கிளாஸ்லயே கோடு போட்டு, பக்கத்துல 0.1 லிட்டர், 0.2 லிட்டர்னு எழுதியிருக்கும். கோட்டுக்குக் கீழே இருந்தா திருப்பிக் கொடுக்கலாம். பிரிட்டன்ல கிளாஸ் கணக்குல வித்தா 125, இல்ல 175, இல்ல அதோட மடங்கு. கேப் டவுன்ல 1659லயே ஒயின் பிழிஞ்ச நாடு இது, ஆனா நான் சாப்பிட்ட எந்தக் கடையிலயும் கிளாஸ்ல அந்தக் கோட்டைப் பார்த்தது இல்ல.

சட்டம் நம்ம பக்கம் இல்லாமப் போகல. இங்கே 2008ல வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளோட அளவைப் பத்தித் தப்பா சொல்லி விக்கக் கூடாதுன்னு சொல்லுது. மெனுல 175னு அச்சடிச்சுட்டு 150 ஊத்தினா அது அந்த வகையில வரும். மெனுல எண்ணே இல்லைன்னா எதை வச்சு வாதாடறது? அதனால ஆர்டர் கொடுக்கிறதுக்கு முன்னாடியே, "ஒரு கிளாஸ் எத்தனை மில்லி?"ன்னு கேட்டுடுங்க. கேக்கறதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல. "நார்மல் கிளாஸ்தான் சார்"னு பதில் வந்தா, அளந்து ஊத்தச் சொல்லுங்க. அளவு இல்லைன்னு சொல்ல முடியாது. பிராந்தி, விஸ்கி ஊத்தற 25 மில்லி அளவுக் குப்பி பார்ல இருக்கும். ஆறு தடவை ஊத்தினா 150, ஏழு தடவைன்னா 175, பத்து தடவைன்னா 250. போட்டோ எடுத்து வச்சு அப்புறம் சண்டை போடறது வேலைக்கு ஆகாது. கிளாஸ் எவ்வளவு அகலம்னு போட்டோவுல தெரியாது. பாதி குடிச்சிட்டுக் கேட்டாலும் அதே கதைதான்.

கோபத்துல டிப்ஸை மட்டும் வெட்டிடாதீங்க. இங்கே நிறைய வெயிட்டர்களுக்கு அந்த 10 சதவீதம்தான் வீட்டுச் செலவு. அளவைத் தீர்மானிக்கிறது அவங்க இல்ல.

[திரையில்: மெனு. "கிளாஸ் 85 ராண்ட், பாட்டில் 300 ராண்ட்" என்ற வரி பெரிதாகிறது.]

ரெண்டு பேர் போறீங்க, ஆளுக்கு ரெண்டு கிளாஸ்னு வச்சுக்குவோம். நாலு கிளாஸ் 340 ராண்ட். பாட்டிலே 300. 150 மில்லி கிளாஸ்னா ஒரு மில்லிக்கு 57 சென்ட் ஆகுது, பாட்டில்ல 40 சென்ட். பாட்டிலை உங்க முன்னாடி திறந்து ரெண்டு மடக்கு ஊத்தித் தருவாங்க. அது பிடிச்சிருக்கான்னு கேக்கறதுக்கு இல்ல, கார்க்கால கெட்டுப்போய் ஈர அட்டை வாடை அடிக்குதான்னு பார்க்கத்தான். அதையும் "கம்மியா ஊத்திட்டான்"னு சொன்ன ஒரு நண்பர் எனக்கு இருக்கார், பேர் வேண்டாம்.

வீட்டுல இருந்து பாட்டில் கொண்டு போறதும் இங்கே சகஜம். கார்க்கேஜ்னு ஒரு கட்டணம் வாங்குவாங்க, சில இடத்துல அதுவும் இல்ல. முன்கூட்டியே போன் பண்ணிக் கேட்டுக்கோங்க. ஹலால் கடைன்னா பாட்டிலை வாசல் வரைக்கும் கூட எடுத்துட்டுப் போகாதீங்க. டர்பன்ல நல்ல பிரியாணி கிடைக்கிற பாதிக் கடை அப்படித்தான்.

இவ்வளவு தொல்லை எதுக்குன்னு நினைக்கிறவங்க பீர் சொல்லிடுங்க. எத்தனை மில்லின்னு பாட்டில்லயே அச்சடிச்சிருக்கும், மூடியை உங்க முன்னாடிதான் திறப்பாங்க.