சீக்கிரம் வாங்குங்கள்: நூறாண்டுக்கு முந்தைய கிறிஸ்துமஸ் விளம்பரங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய செய்தித்தாள் கையில் கிடைத்தால் பெரும்பாலோர் முதல் பக்கச் செய்தியைத்தான் தேடுவார்கள். நான் நேரே விளம்பரப் பக்கத்துக்குப் போய்விடுவேன். அதிலும் பண்டிகைக் காலத்து விளம்பரம் என்றால் விடவே மாட்டேன். அந்த வருஷம் என்ன சாமான் என்ன விலைக்கு விற்றது என்பதோடு, அந்த ஊர் எதை நினைத்துக் கவலைப்பட்டது என்பதும் அங்கே தெரிந்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1918 வரைக்கும், அமெரிக்கச் செய்தித்தாள்களில் வந்த கிறிஸ்துமஸ் விளம்பரங்களைப் பற்றி இன்று பேசப் போகிறேன்.

அந்தக் காலத்து டிசம்பர் இதழ்களில் ஒரு வாசகம் திரும்பத் திரும்ப வரும்: ‘கிறிஸ்துமஸ் சாமான்களைச் சீக்கிரமே வாங்குங்கள்.’ சரக்கு விற்க வேண்டும் என்று கடைக்காரர்கள் கண்டுபிடித்த வாசகம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அதை நாடெங்கும் கொண்டுபோனவர்கள் கடைகளில் நின்று வேலை பார்த்த பெண்களுக்காகப் போராடியவர்கள்.

அப்போது நியூயார்க், சிகாகோ போன்ற நகரங்களில் பல மாடிப் பேரங்காடிகள் பெருகிவிட்டன. கவுண்டருக்குப் பின்னால் நின்றவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். கவுண்டரில் வாங்கிய பணத்தைக் காசாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்து மீதிச் சில்லறை வாங்கி வர, ஓடியாடும் சிறுவர் சிறுமியர் வேறு. டிசம்பர் வந்தால் கடை இரவு பத்து மணி, அதற்கு மேலும் திறந்திருக்கும். கூட்டம் போன பிறகுதான் சரக்கை அடுக்க முடியும். பார்சல் கொண்டுபோகும் வண்டிப் பையன்கள் நள்ளிரவிலும் பனியில் வீடு வீடாக அலைவார்கள்.

சட்டம் ஒன்றும் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. 1896-இல் நியூயார்க் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. கடைகளில் வேலை செய்யும் 21 வயதுக்கு உட்பட்ட பெண்களும் 16 வயதுக்கு உட்பட்ட பையன்களும் நாளுக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு அறுபது மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்றது அந்தச் சட்டம். அதிலேயே ஒரு விலக்கும் எழுதி வைத்திருந்தார்கள். டிசம்பர் 15 முதல் ஜனவரி 1 வரை இந்த வரம்பு பொருந்தாது! எந்த இரண்டு வாரம் அந்தப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு மிகவும் தேவைப்பட்டதோ, அந்த இரண்டு வாரத்தில்தான் சட்டம் விலகி நின்றது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது.

இதை எதிர்த்துக் கிளம்பியவர்கள் வாங்கும் பக்கத்தில் இருந்த பெண்கள். 1891-இல் ஜோசஃபைன் ஷா லோவெல் என்ற அம்மையாரின் தலைமையில் நியூயார்க் நுகர்வோர் சங்கம் தொடங்கியது. கெட்ட கடைகளைக் கண்டித்தால் வழக்கு வரும். அதனால் அவர்கள் நல்ல கடைகளின் பட்டியலை வெளியிட்டார்கள். அதற்கு வெள்ளைப் பட்டியல் என்று பேர். அதில் இடம்பெற நிபந்தனைகள் உண்டு. அனுபவமுள்ள பெண்ணுக்கு வாரம் குறைந்தது ஆறு டாலர் சம்பளம் தர வேண்டும். வேலை காலை எட்டு முதல் மாலை ஆறு வரைதான். நடுவில் முக்கால் மணி நேரம் சாப்பாட்டுக்கு விட வேண்டும். கூடுதல் நேர வேலைக்கு ஈடு கொடுக்க வேண்டும். அத்தனை பெரிய நகரத்தில் முதல் பட்டியலில் தேறியவை எட்டே கடைகள்.

நிபந்தனைகளில் இன்னொன்று, உட்கார இருக்கை. விற்பனைப் பெண்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று நியூயார்க்கில் 1881-லேயே சட்டம் வந்துவிட்டது. அதற்காகப் பெண்களை உட்கார விட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இருக்கை இருக்கும், அதில் உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் முறைப்பார். அதனால்தான் சங்கம், இருக்கை போட்டால் மட்டும் போதாது, உட்காரவும் அனுமதிக்க வேண்டும் என்று தனியாகக் கேட்டது. நம் தமிழ்நாட்டில் ஜவுளிக் கடையிலும் நகைக் கடையிலும் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு இருக்கை வேண்டும் என்று 2021-இல்தான் சட்டத்தில் திருத்தம் வந்தது. தீபாவளிக் கூட்டத்தில் அது எவ்வளவு தூரம் நடக்கிறது என்று கடைக்குப் போகிற நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஃபுளோரன்ஸ் கெல்லி. வழக்குரைஞர். இல்லினாய் மாநிலத்தில் தொழிற்சாலை ஆய்வாளராக இருந்தவர். 1899-இல் தேசிய நுகர்வோர் சங்கம் உருவானபோது அதன் பொதுச்செயலாளர் ஆனார். 1903-இல், கிறிஸ்துமஸ் எப்படிக் கடைப் பெண்களுக்கும் குழந்தைத் தொழிலாளர்களுக்கும் வதையாகிப்போனது என்று கடுமையாக ஒரு கட்டுரை எழுதினார். சங்கம் வாடிக்கையாளர்களிடம் கேட்டவை சின்னச் சின்ன விஷயங்கள். கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள். மாலை நேரத்தில் போகாமல் பகலிலேயே போங்கள். இரவில் வரும் பார்சலை வாங்கிக்கொள்ளாதீர்கள். சிறிய பொட்டலங்களை நீங்களே தூக்கிக்கொண்டு போங்கள்.

பத்து வருஷத்துக்குள் இந்த வேண்டுகோள் கடைகளின் சொந்த விளம்பரத்துக்குள் வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்? கூட்டம் ஒரு மாதத்துக்குப் பரவினால் கடைக்கு ராத்திரி விளக்குச் செலவு மிச்சம், தற்காலிக ஆட்களின் கூலி மிச்சம், பணமும் முன்னாலேயே வந்து சேரும். விளம்பர நாட்கள் கூடினால் பத்திரிகைக்கும் வருமானம். பல நகரங்களில் பண்டிகைக்கால இரவு வியாபாரம் மெல்ல மெல்லக் குறைந்தது. நான் அதைப் பெரிய வெற்றி என்றே சொல்வேன். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த விளம்பரங்களில் களைத்துப்போன விற்பனைப் பெண்ணைப் பற்றிய இரக்கம் உண்டு. அவளுடைய சம்பளத்தைப் பற்றி ஒரு வரியைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். வெள்ளைப் பட்டியலின் ஆறு டாலர், விளம்பரத்துக்குள் வரும்போது வழியிலேயே எங்கோ கழன்று விழுந்துவிட்டது.

1907-இல் இன்னொரு பொதுக்காரியம் பண்டிகைச் சந்தைக்குள் வந்தது. காசநோய். டெலவேர் மாநிலத்தில் ஒரு சிறிய காசநோய் மருத்துவ இல்லம் பணமில்லாமல் மூடும் நிலைக்கு வந்தது. தேவைப்பட்டது 300 டாலர். எமிலி பிஸ்ஸல் என்பவர், டென்மார்க்கில் ஓர் அஞ்சல் ஊழியர் செய்து காட்டிய வழியைப் பின்பற்றி, கிறிஸ்துமஸ் வாழ்த்து உறைகளில் ஒட்டும் வில்லைகளை அச்சிட்டு, ஒன்று ஒரு சென்ட் என்று வில்மிங்டன் அஞ்சலகத்தில் விற்றார். ஆரம்பத்தில் விற்பனை மந்தம். ஃபிலடெல்ஃபியாவின் ‘நார்த் அமெரிக்கன்’ நாளேடு நாள்தோறும் அதைப் பற்றி எழுதியதும் நிலைமை மாறி, 3,000 டாலர் சேர்ந்தது. நம்மூர்ப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர் விற்ற காசநோய் வில்லை பலருக்கு ஞாபகம் இருக்கும். அதுவும் இதே வழியில் வந்ததுதான்.

பிறகு போர். 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. அந்த டிசம்பரில் விளம்பரப் பக்கமே அரசாங்க அறிவிப்புப் பலகை ஆகிவிட்டது. செஞ்சிலுவைச் சங்கம் கிறிஸ்துமஸுக்குள் ஒரு கோடி புதிய உறுப்பினர் வேண்டும் என்று கேட்டது. சந்தா ஒரு டாலர். போர் சேமிப்பு வில்லையைப் பரிசாகக் கொடுங்கள் என்று கடைகளே எழுதின. அந்த மாதம் 4 டாலர் 12 சென்ட் கொடுத்து ஒரு வில்லை வாங்கினால் 1923 ஜனவரி முதல் தேதி அரசாங்கம் 5 டாலராகத் திருப்பித் தரும்.

1918-இல் அரசாங்கத்தின் தேசியப் பாதுகாப்புக் குழு கிறிஸ்துமஸ் பரிசு கொடுப்பதையே கட்டுப்படுத்தப் பார்த்தது. ஆளும் ரயிலும் சரக்கும் போருக்குத் தேவை. வியாபாரிகள் பதறிப்போய்ப் பேச்சுவார்த்தைக்கு ஓடினார்கள். உடன்பாடு ஏற்பட்டது. கூடுதல் ஆட்களைச் சேர்க்கக் கூடாது, வேலை நேரத்தை நீட்டக் கூடாது, வியாபாரத்தை அக்டோபர், நவம்பர், டிசம்பர் என மூன்று மாதத்துக்குப் பரப்ப வேண்டும், சிறு குழந்தைகளுக்குத் தவிர மற்றவர்களுக்குப் பயனுள்ள பொருள்களையே பரிசாக விற்க வேண்டும். கெல்லி பதினைந்து வருஷம் முன்பு கெஞ்சிக் கேட்டதில் பாதி இதில் இருக்கிறது. கடைப் பெண்ணுக்காகக் கேட்டபோது அது வேண்டுகோள். படைக்காகக் கேட்டபோது அதுவே நிபந்தனை. இந்த வேறுபாட்டை நாம் மறக்கக் கூடாது.

அதே வருஷம் கடல் கடந்து போன ராணுவ வீரனுக்கு ஒரே ஒரு பரிசுப் பெட்டிதான் அனுப்பலாம். அதற்கான சீட்டு அவனுக்குத் தரப்படும். அவன் அதை வீட்டுக்கு அனுப்புவான். வீட்டார் சீட்டைக் காட்டிச் செஞ்சிலுவைச் சங்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி பெற்றுக்கொள்ள வேண்டும். ஒன்பது அங்குல நீளம், நாலு அங்குல அகலம், மூன்று அங்குல உயரம். எடை மூன்று பவுண்டைத் தாண்டக் கூடாது. உள்ளே கடிதம் வைக்கக் கூடாது. ஒட்டாமல் கொண்டுவந்து சோதனைக்குக் காட்ட வேண்டும். உடனே கடைகள், அந்தப் பெட்டிக்குள் அடங்கும் பொருள்கள் எங்களிடம் உண்டு என்று விளம்பரம் செய்தன. மகன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாத ஒரு தாய், ஒன்பது அங்குலத்துக்குள் காலுறையும் இனிப்பும் சவரக்கத்தியும் எப்படி அடுக்குவது என்று யோசித்திருப்பாள். நவம்பர் 11-இல் போர் நின்றது. பெட்டிகளை அனுப்பும் வேலை அப்போதும் நடந்துகொண்டிருந்தது.

இந்தப் பக்கங்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தேதியைக் கொடுத்துத் தேடினால் பக்கம் முழுசாக வரும். 1918 டிசம்பரை எடுத்துப் பாருங்கள். நம் பக்கம், சுதேசமித்திரன் காலத்துத் தீபாவளி விளம்பரங்களையும் அதற்குப் பக்கத்தில் இருந்த சுதேசிச் செய்திகளையும் ஒருசேர வைத்து யாராவது படிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் தொடங்கலாம். மாணவர்கள் யாருக்காவது இதில் ஆர்வம் இருந்தால், எந்த வருஷம், எந்தத் துணிக்கு விளம்பரம், கடையில் வேலை செய்தவர்களைப் பற்றி ஏதாவது உண்டா என்ற மூன்றையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.