ஒரு படத்துக்கு ஐந்து வாக்கியங்கள்

நேயர்களுக்கு வணக்கம். வானொலியில் படம் காட்ட முடியாது. சொல்கிறேன், மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். ஈர மணல். பந்தைக் கவ்விக்கொண்டு ஒரு நாய் ஓடி வருகிறது. பின்னால், சற்றுத் தள்ளி, தொப்பி போட்ட ஒருவர் நிற்கிறார்.

இதை ஐந்து பேரிடம் கொடுத்து ஒரே வாக்கியத்தில் எழுதச் சொன்னால்? ஒருவருக்கு நாய் மட்டும் போதும். இன்னொருவர் பந்தை விடமாட்டார். மூன்றாமவர், 'எஜமானரிடமிருந்து நாய் ஓடுகிறது' என்பார். அவர் எஜமானர் என்று படத்தில் எங்கே இருக்கிறது?

படத்தையும் மொழியையும் கணினிக்குள் இணைக்கும் தரவுத்தொகுப்புகள், அதாவது படத்தைப் பார்த்து வாக்கியம் சொல்லக் கணினியைப் பழக்கும் படங்களும் விளக்கங்களும் சேர்ந்த திரட்டுகள், இப்படித்தான் உருவாயின. சுமார் 31 ஆயிரம் படங்கள் கொண்ட பிளிக்கர் 30கே, அதைவிடப் பல மடங்கு பெரிய மைக்ரோசாஃப்ட் கோகோ, இரண்டிலும் படத்துக்கு ஐந்து விளக்கங்கள். கோகோவில் 5,000 படங்களுக்கு மட்டும் நாற்பது நாற்பது! ஒரு காட்சிக்குச் சரியான விடை ஒன்றல்ல என்பதைத் தரவிலேயே பதிந்து வைத்த இந்த முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கோகோவுக்கு எழுதியவர்களுக்கு விதிகள் இருந்தன. குறைந்தது எட்டுச் சொற்கள் வேண்டும். முன்பு நடந்திருக்கக்கூடியதையோ இனி நடக்கக்கூடியதையோ எழுதக்கூடாது. மனிதர்களுக்குப் பெயர் சூட்டக்கூடாது. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுது என்பதே சாரம். கேட்க எளிது, செய்வது கடினம். குழந்தைகளோடு இருக்கும் பெரியவர்களைப் பெற்றோர் என்றே எழுதிவிடும் பழக்கம் பிளிக்கர் 30கே விளக்கங்களில் இருப்பதை 2016-இல் ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. எழுதியவரின் ஊகம், பயிலும் இயந்திரத்துக்குக் காட்சியாகவே போய்ச் சேர்கிறது.

இங்கேதான் தமிழுக்கென்று ஒரு சிக்கல் வருகிறது. தொப்பி போட்டவரைப் பற்றி நான் 'நிற்கிறார்' என்றேன். ஆங்கில வினைச்சொல் ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை. தமிழில் நிற்கிறானா, நிற்கிறாளா, நிற்கிறாரா என்று எழுதுகிறபோதே தீர்மானித்தாக வேண்டும். வயது, மரியாதை எல்லாம் அந்த விகுதியில் வந்து உட்கார்ந்துவிடும். ஆங்கில விளக்கங்களை அப்படியே மொழிபெயர்த்தால் அந்தத் தீர்மானத்தை எடுப்பது யார்? படத்தையே பார்க்காத ஒருவர், அல்லது ஒரு மென்பொருள்.

2016-இல் வந்த மல்டி30கே என்ற தொகுப்பு, பார்த்து எழுதுவதற்கும் பார்க்காமல் பெயர்ப்பதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை உணர்ந்தே அமைக்கப்பட்டது. அதில் ஜெர்மன் வாக்கியங்கள் இரண்டு வகை: படத்தைப் பார்க்காமல் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தவை ஒரு வகை, படத்தைப் பார்த்து ஜெர்மனிலேயே எழுதியவை மறு வகை. 2022-இல் வந்த கிராஸ்மோடல்-3600 என்ற தொகுப்பு இரண்டாவது வழியைப் பிடித்தது. 3,600 படங்கள், 36 மொழிகள், மொழிபெயர்ப்பு இல்லாமல் அந்தந்த மொழிக்காரர்களே பார்த்து எழுதினார்கள். தெலுங்கு இருக்கிறது, இந்தி இருக்கிறது, வங்காளம் இருக்கிறது. தமிழ் இல்லை. எனக்கு இது உறுத்துகிறது. அளவு முக்கியம்தான், இணையத்தில் அள்ளிய பல நூறு கோடிப் பட-வாசக இணைகளை வைத்து இன்று பயிற்சி நடக்கிறது. ஆனால் தமிழில் பார்த்து, தமிழில் சொன்ன சில ஆயிரம் வாக்கியங்கள் இல்லாமல், இயந்திரம் சொல்லும் தமிழ் சரியா என்று எதை வைத்துச் சோதிப்பது?

யாருக்காக இதெல்லாம் என்று கேட்டால், விஸ்விஸ் என்ற தொகுப்பைச் சொல்வேன். பார்வையற்றவர்கள் தங்கள் கைப்பேசியில் எடுத்த 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் அவை. கையில் இருப்பது என்னவென்று தெரிந்துகொள்ள எடுத்தவை. பல மங்கல், பல பாதி வெட்டுப்பட்டவை. விளக்கம் எழுதியவர்களுக்கு அதில் ஒரு வாக்கியம் ஆயத்தமாகத் தரப்பட்டிருந்தது: படத்தின் தரம் மிக மோசமாக இருப்பதால் எதையும் அடையாளம் காண முடியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதாமல், அதையே பதிய அனுமதி இருந்தது. தமிழ்த் தொகுப்பொன்று உருவாகும் நாளில், முதலில் எழுதி வைக்க வேண்டிய வாக்கியம் அதுதான் என்பேன்.

நன்றி, வணக்கம்.