காயத்தின் அருகே ஒரு ரூபாய்

நேயர்களுக்கு வணக்கம். தடய மருத்துவம் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன் நான். சில ஆண்டுகளுக்கு முன், ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பெண்ணைச் சேலத்துக்கு அழைத்து வந்தார்கள். அடிபட்டு நான்கு நாளாகியிருந்தது. முன்கையில் கன்றல் பரவி உருவமே கலைந்துபோயிருந்தது. பாறையில் வழுக்கி விழுந்ததாக உடன் வந்தவர் சொன்னார். தங்கை மட்டும், பேசாமல், அடிபட்ட அன்றே எடுத்த படத்தைக் கைபேசியில் காட்டினார்.

இரண்டு சிவந்த கோடுகள், நடுவே வெளிறிய தோல். தடி வேகமாக இறங்கும்போது அதன் அடியிலுள்ள ரத்தம் இருபுறமும் ஒதுங்குகிறது. ஓரங்களில் நுண்குழாய்கள் கிழிந்து, தண்டவாளம்போல் இரட்டைக் கோடு விழுகிறது. பாறையில் விழுந்தால் இப்படித் தடம் பதியாது. கோடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி தடியின் பருமனையும் ஏறக்குறையச் சொல்லிவிடும், அளக்க முடிந்தால்.

அளப்பதற்காகத்தான் தங்கை ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்திருந்தார். எவ்வளவு நல்ல யோசனை! ஆனால் கைபேசி சாய்ந்திருந்ததால் நாணயம் முட்டை வடிவில் பதிந்திருந்தது. நாணயம் கோணினால் காயமும் கோணியிருக்கும். கணினியில் நாணயத்தை வட்டமாக்கிவிடலாம். உருண்ட முன்கையை அப்படி நிமிர்த்த முடியாது. ஃபிளாஷ் வெளிச்சத்தில் நாணயத்தின் முகப்பும் தெரியவில்லை; எந்தக் காலத்து நாணயம் என்று சொல்ல முடியவில்லை. ஒரு ரூபாய் நாணயம் 25 மில்லிமீட்டரிலிருந்து 22, பிறகு 20 என்று சிறுத்து வந்திருக்கிறது. நாணய வில்லை வெட்டும் உருக்காலை உள்ள சேலத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல.

நாங்கள் வைப்பது 'எல்' வடிவ அளவுகோல். அதில் அச்சிட்ட வட்டங்கள் சாய்வைக் காட்டிக்கொடுக்கும். உங்களிடம் பள்ளிப் பிள்ளையின் ஸ்கேல் இருந்தாலே போதும். காயத்தை ஒட்டி, தோலின் மட்டத்திலேயே வையுங்கள். கைபேசியை நேர் எதிரே பிடியுங்கள். முதலில் முழுக் கை தெரிய ஒன்று, பிறகு ஸ்கேலுடன் ஒன்று, ஸ்கேல் இல்லாமல் ஒன்று. கருத்த தோலில் கன்றல் எளிதில் தெரியாது; ஃபிளாஷை அணைத்துவிட்டு, பகல் வெளிச்சம் படும் நிழலில் எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த நேரம் முதலான பதிவுகளும் போய்விடும். மூலப் படம் கைபேசியிலேயே இருக்கட்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டப்படி, இத்தகைய மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்கத் தரும் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் கோப்பின் 'ஹாஷ்' மதிப்பையும், அதாவது கோப்பின் கைரேகை போன்ற ஒரு குறியீட்டையும், குறிக்க வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும்.

அந்த வழக்கில் காவலர்கள் இரண்டு கழிகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்கள். ஒன்று விரல் பருமன், மற்றது அதைப்போல் இரு மடங்கு. தடி போன்ற பொருளால் ஏற்பட்ட காயம் என்று உறுதியாக எழுதினேன். எந்தத் தடி என்ற கேள்விக்கு என்னால் பதில் எழுத முடியவில்லை.