அடகுச் சீட்டு

நேயர்களுக்கு வணக்கம். கிறிஸ்தவம் சொல்லும் பாவப்பரிகாரம், அதாவது மனிதரின் பாவத்துக்கு இயேசு தம் உயிரால் ஈடு செய்தார் என்ற நம்பிக்கை பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். எங்கே தொடங்கினாலும் நான் சேலம் செவ்வாய்ப்பேட்டை அடகுக்கடை ஒன்றில் போய்த்தான் நிற்பேன். என்னைத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கோயிலில் இயேசுவை 'மீட்பர்' என்கிறோம். வீட்டில் நாம் எதை மீட்கிறோம்? நகையை. என் பள்ளிக் கட்டணத்துக்காக அம்மா காலில் கிடந்த வெள்ளிக் கொலுசைக் கழற்றி அடகு வைத்தார். வட்டி கட்டவே கை காய்ந்தது; அசல் அசையவில்லை. ஏலத்துக்கு நாள் நெருங்கியபோது, ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலையிலிருந்த மாமா இறங்கி வந்தார். என்னையும் கடைக்கு அழைத்துப் போனார். கடைக்காரர் பணத்தை இரண்டு முறை எண்ணினார். பெட்டகத்திலிருந்து துணி முடிச்சை எடுத்துக் கொடுத்தார். சீட்டின் குறுக்கே கோடிழுத்து, மேசைமேல் நின்ற கம்பியில் குத்தினார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அம்மாவோ கொலுசை உடனே போட்டுக்கொள்ளவில்லை. பூந்திக்கொட்டை நீரில் ஊறவைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

சரி, இயேசு சிலுவையில் தம் உயிராகக் கொடுத்த மீட்புவிலை யார் கைக்குப் போயிற்று? சாத்தானுக்கு என்றார் பழங்காலத் திருச்சபை அறிஞர் ஓரிகன். கொள்ளைக்காரனுக்கா கூலி என்று 4ஆம் நூற்றாண்டில் சீறினார் ஆயர் நசியான்சு கிரகோரியார். கடவுளின் மாண்புக்குச் செலுத்த வேண்டிய கடன் அது என்று 1098இல் எழுதி முடித்தார் கான்டர்பரி பேராயர் அன்செல்ம். பெரிய மூளைகள்தாம். ஆனால் எல்லோரும் கடைக்காரரையே பார்க்கிறார்கள். நான் மாமாவைப் பார்க்கிறேன்.

பைபிளின் பழைய ஏற்பாட்டு நூலான லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில், வறுமையால் விற்ற நிலத்தை மீட்க நெருங்கிய உறவினன் வருகிறான். எபிரேயத்தில் அவன் பெயர் 'கோயேல்'. அந்நியன் கட்டினால் தருமம். மாமா கட்டினால் உரிமை. மறுபடியும் சொல்கிறேன், உரிமை! கடவுள் மனிதனாகப் பிறந்ததும் இதற்காகத்தான் என்பது என் எண்ணம். முதலில் நமக்கு உறவானார், பிறகு மீட்டார். புதிய ஏற்பாட்டிலுள்ள எபிரெயர் நிருபம் 2ஆம் அதிகாரமும் இரத்தமும் மாம்சமும் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் பாவநிவிர்த்திக்கு வருகிறது.

கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். லேவியராகமம் சொல்லும் பரிகாரச் சடங்கில் வரும் பலியாகும் ஆடு, பாவம் சுமந்து வனாந்தரம் போகும் ஆடு இரண்டையும் பற்றிப் பேச இன்று நேரமில்லை. லூக்கா நற்செய்தியில் வரும் வரி வசூலிப்பவன் சகேயுவை மட்டும் சொல்லிவிடுகிறேன். அநியாயமாக வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றானே, எப்போது? உன் வீட்டில் தங்க வருகிறேன் என்று இயேசு சொன்ன பிறகு. வணக்கம்.