27 இன்ச்சா, 32 இன்ச்சா? முதல்ல டேப்பை எடுங்க

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுல உட்கார்ந்து வேலை பார்க்கிறவங்க பெரிய மானிட்டர் வாங்கலாம்னு கிளம்பினா முதல்ல வர்ற கேள்வி, "27 இன்ச் எடுக்கவா, 32 எடுக்கவா?" அதுக்கு முன்னாடி ஒரு டேப் எடுத்துக்கோங்க, துணி தைக்கிற டேப் போதும். வழக்கமா எப்படி உட்காருவீங்களோ அப்படியே நாற்காலியில நல்லா சாய்ஞ்சு உட்கார்ந்து, மூக்குத்தண்டுல இருந்து ஸ்க்ரீன் வரைக்கும் எத்தனை சென்டிமீட்டர்னு அளந்து குறிச்சு வைங்க. எந்த மானிட்டர்ங்கிறதை அந்த ஒரு எண்தான் பாதிக்கு மேல முடிவு பண்ணப்போகுது.

நிறைய பேர் ஏமாறுற இடம், 24 இன்ச் 1080பி-ல இருந்து 27 இன்ச் 1080பி-க்கு மாறுறது. ஸ்க்ரீன் பெருசாகும், ஆனா வேலை பார்க்கிற இடம் அதிகமாகாது. ரெண்டுலயும் அகலத்துல 1920 பிக்சல், அதாவது படத்தை உருவாக்குற குட்டிப் புள்ளி, உயரத்துல 1080 பிக்சல். எக்செல்ல முன்னாடி 40 வரிசை தெரிஞ்சா இதுலயும் அதே 40 வரிசைதான், ஒவ்வொண்ணும் கொஞ்சம் தடிமனா தெரியும், அவ்வளவுதான். ஒரு இன்ச் நீளத்துல எத்தனை பிக்சல் அடங்குதுங்கிறதைத்தான் பிபிஐ-ன்னு சொல்றோம். 24 இன்ச் 1080பி-ல அது 92. 27 இன்ச்சுக்குப் போனா 82-ஆ இறங்கிடும். காசு கொடுத்து எழுத்தை மோசமாக்கிக்கிற வேலை அது.

இப்ப பிக்சல் கணக்கைப் பார்ப்போம். 1080பி-ல சுமார் 21 லட்சம் பிக்சல். 1440பி-ல 37 லட்சம். 4கே-ல 83 லட்சம், அதாவது 1080பி மாதிரி நாலு மடங்கு. இதை இன்ச்சோட சேர்த்துப் பாருங்க. 27 இன்ச் 1440பி-க்கு பிபிஐ 109. 27 இன்ச் 4கே-க்கு 163. 32 இன்ச் 4கே-க்கு 138. 32 இன்ச் 1440பி-க்கு எவ்வளவு தெரியுமா? 92. பழைய 24 இன்ச் 1080பி-ல இருந்த அதே 92! இடம் கூடும், உண்மைதான். ஆனா எழுத்து ஒரு துளி கூட கூர்மையாகாது. "பெருசு வாங்கினேன், ஆனா எழுத்து சொரசொரன்னு இருக்கு"ன்னு வருத்தப்படுறவங்க பெரும்பாலும் இதைத்தான் வாங்கியிருப்பாங்க.

சரி, எத்தனை பிபிஐ இருந்தா போதும்? இங்கதான் அந்த டேப் அளவு வருது. ஒரு டிகிரி கோணத்தை 60-ஆ பிரிச்சா அதுல ஒரு பங்கு, அதைவிடச் சின்னதை சாதாரணப் பார்வை உள்ள கண்ணால தனித்தனியா பிரிச்சுப் பார்க்க முடியாது. அதை மேஜைக் கணக்கா மாத்தினா ரொம்ப சுலபம்: 8,730-ஐ பிபிஐ-யால வகுங்க. வர்ற சென்டிமீட்டர் தூரத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தா பிக்சல் தெரியாது, கிட்ட வந்தா தெரிய ஆரம்பிக்கும். 92 பிபிஐ-க்கு 95 சென்டிமீட்டர் வருது. 109-க்கு 80. 138-க்கு 63. 163-க்கு 54. மேஜை 60 சென்டிமீட்டர் ஆழம்னா, ஸ்டாண்டு பின்னாடி இடம் பிடிச்சது போக, கண்ணுக்கும் ஸ்க்ரீனுக்கும் நடுவுல பெரும்பாலும் 55, 60 தான் கிடைக்கும். அந்தத் தூரத்துல 27 இன்ச் 4கே முழுசா தேறும், 32 இன்ச் 4கே கிட்டத்தட்ட தேறும், 1440பி தேறாது. 80 தள்ளி உட்காருறீங்கன்னா 27 இன்ச் 1440பி-யே தாராளமா போதும், 4கே-க்கு அலைய வேண்டாம்.

தமிழ்ல வேலை பார்க்கிறவங்களுக்கு இது இன்னும் முக்கியம். இதோ, கேமராவை ஸ்க்ரீனுக்குக் கிட்ட கொண்டு போறேன், பாருங்க. ரெண்டு சுழி ன, பக்கத்துல மூணு சுழி ண. எழுத்து அளவு 9 பாயின்ட். ஸ்கேலிங், அதாவது எழுத்தையும் ஐகானையும் எத்தனை சதவீதம் பெருசாக்கிக் காட்டணும்ங்கிற செட்டிங், 100-ல இருக்கிற 92 பிபிஐ ஸ்க்ரீன்ல இந்த எழுத்துக்கு மொத்தம் கிடைக்கிற உயரம் 12 பிக்சல். அந்த 12-க்குள்ள மேல கீழ இடைவெளி போக, சுழிக்குள்ள இருக்கிற ஓட்டைக்கு ஒண்ணு ரெண்டு பிக்சல்தான் மிச்சம். அதனால சுழி அடைச்சுப் போய் ண-வும் ன-வும் ஒரே மாதிரி தெரியுது. ஞ-வைப் பாருங்க, ஒரு சாம்பல் கட்டி மாதிரி இருக்கு. இப்ப 4கே ஸ்க்ரீன், ஸ்கேலிங் 150. அதே 9 பாயின்ட்டுக்கு இப்ப 18 பிக்சல். மூணு சுழியையும் எண்ண முடியுது பாருங்க. ஆங்கிலத்துல சுழி கம்மி, அதனால அங்க இந்த வித்தியாசம் இவ்வளவு தெரியாது. பிழை திருத்துறவங்க, மொழிபெயர்க்கிறவங்க எல்லாம் 1440பி-யோட நின்னுடாதீங்க, 4கே எடுங்கன்னு நான் சொல்றது இதனாலதான்.

ஸ்கேலிங்னு ஒரு வார்த்தை சொன்னேன். 4கே-ய 100 சதவீதத்துல வெச்சா எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். 27 இன்ச்ல 150 வைங்க. அப்ப உங்களுக்குக் கிடைக்கிற இடம் 2560-க்கு 1440, அதாவது 1440பி மானிட்டரோட அதே இடம், எழுத்து மட்டும் ரொம்பக் கூர்மை. 32 இன்ச்ல 125 வெச்சுக்கலாம், 3072-க்கு 1728 கிடைக்கும். ரெண்டு டாக்குமென்ட்டைப் பக்கத்துல பக்கத்துல திறந்து வெச்சு வேலை பார்க்கிறவங்களுக்கு 32 இன்ச்சோட நிஜமான லாபம் இந்தக் கூடுதல் இடம்தான். விண்டோஸ்ல பழைய சாஃப்ட்வேர் சிலது ஸ்கேலிங்ல மங்கலா வரும். அந்த ஐகான்ல ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ், காம்பாட்டிபிலிட்டி, அதுல ஹை டிபிஐ செட்டிங்ஸ்னு ஒரு பட்டன் இருக்கும். கீழ இருக்கிற ஓவர்ரைடு பெட்டியை டிக் பண்ணி "சிஸ்டம் என்ஹான்ஸ்டு" தேர்ந்தெடுங்க. சில சாஃப்ட்வேர் இதுல சரியாகிடும்.

மேக் வெச்சிருக்கிறவங்களுக்குக் கணக்கு வேற. 2018-ல வந்த மொஹாவியில இருந்து மேக்ல எழுத்தோட ஓரத்தை சப்பிக்சல், அதாவது ஒரு பிக்சலுக்குள்ள இருக்கிற சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளை வெச்சு மென்மையாக்குற வேலையை எடுத்துட்டாங்க. அதனால 109 பிபிஐ மானிட்டர்ல விண்டோஸ் எழுத்தைவிட மேக் எழுத்து கரடுமுரடா தெரியும். 27 இன்ச் 4கே-ல "2560-க்கு 1440 மாதிரி"ன்னு வெச்சா, மேக் உள்ளுக்குள்ள 5120-க்கு 2880 படமா வரைஞ்சு, அதைச் சுருக்கி அனுப்பும். லேசான மங்கல் இருக்கும், பெரும்பாலானவங்களுக்கு அது உறுத்தாது. அச்சு மாதிரி வேணும்னா 27 இன்ச் 5கே, 218 பிபிஐ, அதுல சரியா ரெண்டு மடங்கு வரும்.

அடுத்தது அகலம். 27 இன்ச் ஸ்க்ரீன் 60 சென்டிமீட்டர் அகலம். 32 இன்ச் 71 சென்டிமீட்டர் அகலம், 40 உயரம். 55 சென்டிமீட்டர்ல உட்கார்ந்து 32 இன்ச்சோட ரெண்டு ஓரத்தையும் பார்க்க கழுத்து திரும்பிக்கிட்டே இருக்கும். வாங்குறதுக்கு முன்னாடி பழைய அட்டைப்பெட்டியில 71-க்கு 40 அளவு ஒரு துண்டு வெட்டி, மானிட்டர் வர்ற இடத்துல நிக்க வெச்சு ஒரு நாள் பாருங்க. மேல் விளிம்பு கண் மட்டத்துக்கோ அதுக்குக் கொஞ்சம் கீழேயோ இருக்கணும். ப்ரோக்ரெஸிவ் கண்ணாடி போடுறவங்களுக்கு இன்னும் கீழ, இல்லன்னா தாடையைத் தூக்கித் தூக்கிப் பார்த்து பிடரி வலிக்கும். அல்ட்ராவைட், அதாவது பக்கவாட்டுல நீளமான 34 இன்ச் கேட்கிறவங்களுக்கு ஒரே வரி: 3440-க்கு 1440, பிபிஐ 110. வீடியோ எடிட்டிங்ல வர்ற நீளமான டைம்லைன், அகலமான ஷீட்டுக்கு நல்லது, ஆனா எழுத்து 27 இன்ச் 1440பி மாதிரியேதான்.

இப்ப வயர் விஷயம். மானிட்டர் நல்லதா வாங்கிட்டு இங்க கோட்டை விடுறவங்கதான் அதிகம். அறிகுறி ஒண்ணே ஒண்ணுதான்: மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகரும், டைப் பண்ற எழுத்து ஒரு நொடி தயங்கி வர்ற மாதிரி இருக்கும். 4கே வருது, ஆனா நொடிக்கு 30 தடவைதான் படம் மாறுது, 60 வரல. விண்டோஸ்ல செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேன்னு போனா எத்தனை ஹெர்ட்ஸ்னு காட்டும். காரணம் என்னன்னா, எச்டிஎம்ஐ இணைப்போட பழைய பதிப்பான 1.4-ல 4கே 30-க்கு மேல போகாது. 60 வேணும்னா எச்டிஎம்ஐ 2.0 இல்லன்னா படம் அனுப்புற இன்னொரு இணைப்பான டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேணும், அதுவும் லேப்டாப், நடுவுல இருக்கிற ஹப், வயர், மானிட்டர் போர்ட் எல்லாத்துலயும். ஒண்ணு பழசா இருந்தாலும் மொத்தமும் அந்த அளவுக்கு இறங்கிடும். சின்ன ஹப்கள்ல "4கே சப்போர்ட்"னு பெருசா போட்டு, 30 ஹெர்ட்ஸ்ங்கிறதைப் பொடி எழுத்துல போட்டிருப்பாங்க. எச்டிஎம்ஐ வயர் வாங்கினா "பிரீமியம் ஹை ஸ்பீட்" முத்திரை பாருங்க, அது 18 ஜிகாபிட் தாங்கும். 2, 3 மீட்டருக்கு மேல சாதாரண வயர் போட்டா ஸ்க்ரீன் நடுநடுவுல கறுத்துக் கறுத்து வரும். பலரும் மானிட்டர் பழுதுன்னு திருப்பி அனுப்புறாங்க, வயரை மாத்தினாலே சரியாகியிருக்கும்.

யூஎஸ்பி-சி ஒரே வயர்ல எல்லாம் ஓடும்னு வாங்குறீங்கன்னா, இதைக் கவனமா கேளுங்க. அந்த வயருக்குள்ள வேகமான பாதை நாலு இருக்கு. மானிட்டர் பின்னாடி இருக்கிற யூஎஸ்பி போர்ட்டும் வேகமா ஓடணும்னா ரெண்டு பாதை படத்துக்கு, ரெண்டு பாதை டேட்டாவுக்குன்னு பங்கு பிரியும். லேப்டாப் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்துல அனுப்பினா ரெண்டு பாதையில 8.64 ஜிகாபிட்தான் போகும். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு சுமார் 12.8 வேணும். பத்தாது, 30-ல நின்னுடும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4-ஆ இருந்தா அதே ரெண்டு பாதையில 12.96 போகும், மயிரிழையில தப்பிச்சிடும். 1.2 தான்னா மானிட்டர் மெனுவுல யூஎஸ்பி-சி செட்டிங்கைத் தேடுங்க. "ஹை ரெசல்யூஷன்"னு ஒண்ணு, "ஹை டேட்டா ஸ்பீட்"னு ஒண்ணு, இல்ல அதே அர்த்தத்துல வேற பேர்ல இருக்கும். முதலாவதை வெச்சா நாலு பாதையும் படத்துக்குப் போயிடும், 60 ஹெர்ட்ஸ் வரும். பதிலுக்கு மானிட்டரோட யூஎஸ்பி போர்ட் 480 மெகாபிட்டுக்கு இறங்கிடும். கீபோர்டு, மவுஸ், வெப்கேமுக்கு அது போதும், எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி-ய லேப்டாப்லயே சொருகிக்கோங்க.

இன்னொண்ணு, எல்லா யூஎஸ்பி-சி ஓட்டையிலயும் படம் வராது. பக்கத்துல டிஸ்ப்ளேபோர்ட் சின்னமோ மின்னல் குறியோ இருக்கான்னு பாருங்க, இல்லன்னா மாடல் விவரத்துல தேடுங்க. சார்ஜும் அதே வயர்ல வேணும்னா உங்க லேப்டாப் சார்ஜர்ல எத்தனை வாட்னு போட்டிருக்குன்னு பாருங்க. சார்ஜர் 100 வாட், மானிட்டர் கொடுக்கிறது 60 வாட்னா, வேலை கூடுற நேரத்துல வயர் சொருகியிருக்கும்போதே பேட்டரி இறங்கும்.

பேனல், அதாவது ஸ்க்ரீன் தயாரிக்கிற வகை, அதைப் பத்தி ரொம்ப இழுக்க வேண்டியதில்ல. ஐபிஎஸ், விஏ, ஓஎல்இடின்னு மூணு வகை பார்ப்பீங்க. எழுத்து வேலைக்கு ஐபிஎஸ் எடுங்க. விஏ-ல கறுப்பு நல்லா வரும், ஆனா 32 இன்ச்சுக்குக் கிட்ட உட்கார்ந்தா ஓரத்துல நிறம் வெளுத்துத் தெரியும். ஓஎல்இடி படம் பார்க்க அருமை. ஆனா டாஸ்க்பார் மாதிரி நகராத கோடுகள் நாள் முழுக்க ஒரே இடத்துல நின்னா தடம் பதியுற ஆபத்து உண்டு, சில பேனல்ல எழுத்து ஓரத்துல நிறம் பிசிறும். வெளிச்சமும் இருட்டும் தூக்கலா தெரியும்னு சொல்ற "எச்டிஆர் 400" முத்திரைக்காகக் கூடுதலா கொடுக்காதீங்க. ஸ்டாண்டு உயரம் ஏத்தி இறக்க வருதா, பின்னாடி ஆர்ம் (மானிட்டரைத் தாங்குற கை) மாட்டுற வேசா ஓட்டை 100-க்கு 100 மில்லிமீட்டர் இருக்கான்னு மட்டும் கட்டாயம் பாருங்க. ஆர்ம் வாங்கினா ஸ்டாண்டு இல்லாத எடையைப் பார்த்துதான் வாங்கணும்.

மானிட்டர் வந்த அன்னைக்கே செய்ய வேண்டியது: வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம்னு முழு ஸ்க்ரீனுக்கும் ஒரே நிறத்தைப் போட்டு செத்த பிக்சல் இருக்கான்னு பாருங்க. கறுப்புப் பின்னணியில சிவப்புல சின்ன எழுத்து டைப் பண்ணுங்க, ஓரம் கலங்கித் தெரிஞ்சா நிறத் தகவல் குறைஞ்சு வருதுன்னு அர்த்தம், மறுபடி வயரையும் ஹப்பையும் பாருங்க. வெளிச்சத்தை 30 சதவீதத்துக்கு இறக்கிட்டு, போன் கேமராவை ப்ரோ மோடுல ஷட்டர் 2000-ல ஒரு பங்குன்னு வெச்சு ஸ்க்ரீனைக் காட்டுங்க. கருப்புப் பட்டை ஓடினா பின்விளக்கு அணைஞ்சு அணைஞ்சு எரியுது, தலைவலி வர்றவங்க அந்த மானிட்டரைத் தவிர்க்கிறது நல்லது. கடைசியா ஒரு வெள்ளைத் தாளை ஸ்க்ரீன் பக்கத்துல பிடிச்சு, தாளும் ஸ்க்ரீனும் ஒரே வெளிச்சமா தெரியுற வரைக்கும் பிரைட்னஸைக் குறைங்க. கடையில இருந்து வர்றப்போ அது பெரும்பாலும் தேவைக்கு மேலதான் இருக்கும். இந்தச் சோதனை எல்லாம் முடிஞ்சு, திருப்பிக் கொடுக்கிற கெடு தாண்டுற வரைக்கும் அட்டைப்பெட்டி, தெர்மாகோல், ஸ்டாண்டு ஸ்க்ரூ எதையும் வெளியே போட்டுடாதீங்க.