மீட்டரில் மின்னும் சிவப்பு விளக்கு

நேயர்களுக்கு வணக்கம். ஒயரிங் வேலையில் எனக்கு நாற்பது வருடம் ஆகிவிட்டது. "பில் ரெண்டு மடங்கு வந்திருக்குங்க, மீட்டர்தான் ஓவரா ஓடுது" என்று யார் கூப்பிட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: மீட்டரைப் பார்த்தீங்களா? பில்லைப் பார்த்திருப்பார்கள். ஏசியைத் திட்டியிருப்பார்கள். மீட்டரை மட்டும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இப்போதைய மீட்டர்களில் பெரும்பாலும் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே 3200 என்றோ 1600 என்றோ ஏதாவது ஒரு எண் அச்சிட்டிருக்கும். விளக்கு அத்தனை தடவை மின்னினால் ஒரு யூனிட். ஆயிரம் வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் அதுதான் ஒரு யூனிட். 3200 போட்ட மீட்டரில் 2000 வாட் ஹீட்டர் மட்டும் ஓடினால் நிமிடத்துக்கு 107 தடவை மின்னும். விநாடிக்குக் கிட்டத்தட்ட இரண்டு. 100 வாட் ஓடினால் நிமிடத்துக்கு ஐந்துதான். கணக்கு மறந்துபோனால் போகட்டும். வேகமாகத் துடிக்கிறதா, மெதுவாகவா என்று பார்த்தால் போதும்.

ஒரு வீட்டில் இப்படித்தான். ஏசியே கிடையாது, பில் மட்டும் எகிறியிருந்தது. வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் மேல் பழியைப் போட்டு, புதுசு வாங்கவே கிளம்பிவிட்டார். இரவு பத்து மணிக்கு எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்லிவிட்டு டார்ச்சோடு மீட்டர் முன்னால் நின்றேன். சிவப்பு விளக்கு படபடவென்று அடிக்கிறது. கொஞ்ச நேரம் அடங்குகிறது. திரும்பவும் படபட.

மெயின் போர்டில் ஒவ்வொரு லைனுக்கும் இருக்கும் சுவிட்சுகளை, அதாவது டிரிப்பர்களை, ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினேன். ஃப்ரிட்ஜை இறக்கினேன், ஒன்றும் மாறவில்லை. ஹீட்டரை இறக்கினேன், அடங்கிவிட்டது.

"ஹீட்டரை யாரும்மா இந்நேரத்துல போட்டது?"

"அது எப்பவும் போட்டபடியேதாங்க இருக்கும். சூடானா தானா நின்னுடுமே."

நின்றுவிடும், உண்மைதான். தண்ணீர் ஆறினால் எப்போதாவது கொஞ்ச நேரம் ஓடும். ஆனால் இது ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஓடுகிறதே! ஒரு குழாயும் சொட்டவில்லை. நான் முழித்துக்கொண்டு நிற்கிறேன். நடையில் ஒரு பூனை சுருண்டு படுத்திருந்தது. "அது எப்பவும் அந்த டைல்ஸ்லதான் தூங்கும்" என்றான் அந்த வீட்டுப் பையன். பூனையை நகர்த்திவிட்டு உள்ளங்கையை வைத்தேன். வெதுவெதுப்பு! தரைக்கடியில் போகும் வெந்நீர்க் குழாயின் இணைப்பு விட்டுப்போயிருந்தது. மாதக்கணக்கில் மண்ணுக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பூனைக்குத் தெரிந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், மீட்டர் முன்னால் போய் நில்லுங்கள். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். மெயினையே அணைத்த பிறகும் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் நீங்கள் எதிலும் கை வைக்க வேண்டாம். உங்கள் மீட்டரிலிருந்து வேறு எங்கோ ஒயர் போகிறது, இல்லையென்றால் மீட்டரிலேயே கோளாறு. மின்வாரியத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. ஃப்ரிட்ஜ் பற்றித் தனியாகவே பேச நினைத்திருந்தேன். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள்; வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது. அப்புறம், செட்டாப் பாக்ஸ் மாதிரி சும்மா பிளக்கில் செருகியே கிடக்கும் பெட்டிகள். 10 வாட்தானே என்று விட்டால் வருடத்துக்கு 87 யூனிட் போய்விடும். பில்லில் எத்தனை நாள் கணக்கு என்றும் பாருங்கள், சில சமயம் உத்தேசமாகப் போட்டுவிடுவார்கள், அதிலிருக்கும் ரீடிங்கை மீட்டரோடு... சரி, முடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வணக்கம்.