வெற்றி யார் கணக்கில்? குவார்ட்டர்பேக்கும் மற்ற 52 பேரும்

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தின் இரண்டு இறுதி ஆட்டங்களிலிருந்து தொடங்குகிறேன். 2014 பிப்ரவரி, 48-ஆவது சூப்பர் பவுல். டென்வர் பிராங்கோஸ் அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர், பெய்டன் மேனிங். அந்த சீசனில் 55 டச்டவுன் பாஸ் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுத்த எறிதல்), 5,477 கஜம் என்று இரண்டு சாதனைகளோடு வந்து நிற்கிறார். ஆட்டத்தின் முதல் ஸ்நாப், அதாவது பந்தைப் பின்னால் அனுப்பித் தொடங்குவது. முன்வரிசை நடுவில் நிற்கும் சென்டர் பின்னால் அனுப்பிய பந்து மேனிங்கின் தலைக்கு அருகே பறந்து அவர்களுடைய எல்லைக்குள்ளேயே போய் விழுகிறது. 12 நொடியில் எதிரணியான சியாட்டிலுக்கு 2 புள்ளி. கடைசியில் 43-8 என்று டென்வர் தோற்றது.

இரண்டு வருஷம் கழித்து, 2016 பிப்ரவரி. அதே மேனிங், அதே டென்வர். வயது 39. அந்த சீசனில் 10 ஆட்டங்களில் 9 டச்டவுன்தான், எதிரணி பிடித்துக்கொண்ட எறிதலோ, அதாவது இன்டர்செப்ஷனோ, 17. நடுவில் பெஞ்சிலும் உட்கார வைத்தார்கள். அந்த வருஷம் கரோலினாவை 24-10 என்று தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கினார். ஆட்டநாயகன் விருது அவருக்குப் போகவில்லை. எதிரணிக் குவார்ட்டர்பேக் கையிலிருந்து இரண்டு முறை பந்தைத் தட்டிவிட்ட தற்காப்பு வீரர் வான் மில்லருக்குப் போனது.

ஆனாலும் ஆவணத்தில் என்ன இருக்கிறது? 2014 மேனிங்கின் தோல்வி, 2016 மேனிங்கின் வெற்றி. அமெரிக்கக் கால்பந்தில் ஆடுபவர்களில் வெற்றி தோல்வியைத் தனி ஆள் பேரில் எழுதுவது குவார்ட்டர்பேக்குக்கு மட்டும்தான். முன்வரிசையில் நின்று அவரைக் காக்கும் இடது டேக்கிளுக்கு அப்படி ஒரு கணக்கு யாரும் எழுதுவதில்லை.

இந்த ஆட்டத்தைப் பார்த்துப் பழகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது காலால் உதைக்கும் நம்ம ஊர் ஃபுட்பால் இல்லை. ஒரு அணியில் 53 பேர். தாக்குதலுக்கு 11 பேர், தற்காப்புக்கு வேறு 11 பேர், உதைப்பதற்குத் தனி ஆட்கள். எதிரணி பந்தோடு முன்னேறி வரும்போது குவார்ட்டர்பேக் ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். ஏறக்குறைய பாதி ஆட்டம் அவர் இல்லாமலேயே நடக்கிறது.

சரி, அவர் இருக்கும் பாதியில் என்ன செய்கிறார்? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பங்கு பிரிக்க வேண்டுமென்றால் ஒரே ஒரு பாஸைப் பிரித்துப் போட்டாலே போதும்.

ஒரு நகர்வு முடிந்து அடுத்த நகர்வு தொடங்க 40 நொடி. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் பயிற்சியாளர் என்ன ஆட வேண்டும் என்று சொல்கிறார். கடிகாரத்தில் 15 நொடி மீதம் இருக்கும்போது அந்த ரேடியோ அறுந்துவிடும். அதற்கு மேல் அவர்தான், அவர் கண்தான். ஆழத்தில் நிற்கும் கடைசித் தற்காப்பு வீரர், அதாவது சேஃப்டி, ஒருவரா, இருவரா? பாய்ந்து வரப்போவது நாலு பேரா, ஆறு பேரா? முன்னால் மறைத்து நிற்க ஐந்து லைன்மேன்கள்தான் இருக்கிறார்கள். ஆறு பேர் வந்தால், கூடத் தடுக்க யாரும் நிற்காதபோது, ஒருவர் தடையில்லாமல் வருவார். அந்த ஆறாவது ஆள் வந்து சேர்வதற்குள் பந்து கையை விட்டுப் போயாக வேண்டும். அதற்கு எந்த ரிசீவர் (பந்தைப் பிடிக்க ஓடுபவர்) ஓட்டத்தைச் சுருக்கித் திரும்புவார் என்பது இருவருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்நாப். ஐந்து காலடி பின்வாங்கல். முதல் ரிசீவரைப் பார்க்கிறார், மூடியிருக்கிறது. இரண்டாமவர். பந்து போகிறது. மொத்தம் இரண்டரை, மூன்று நொடி. பந்து கையை விடும்போது ரிசீவர் இன்னும் திரும்பியிருக்க மாட்டார். அவர் 12 கஜத்தில் திரும்புவார் என்று நம்பித்தான் எறிகிறார். அவர் 10 கஜத்திலேயே திரும்பிவிட்டால் அந்த இடத்தில் எதிரணிக்காரர் நிற்பார். புள்ளிவிவரத் தாளில் அது குவார்ட்டர்பேக்கின் இன்டர்செப்ஷன். ரிசீவரின் இரு கையிலும் பட்டுத் தெறித்து எதிரி பிடித்தாலும் அதுவும் இவர் கணக்கில்தான்.

கணக்கு இவருக்குச் சாதகமாகத் தவறுவதும் உண்டு. ஸ்க்ரீன் பாஸை எடுத்துக்கொள்ளுங்கள். பந்து தொடங்கிய கோட்டுக்குப் பின்னாலேயே நிற்பவருக்கு மெல்லத் தட்டிக் கொடுக்கிறார். மூன்று லைன்மேன்கள் முன்னே ஓடி வழி வெட்ட, வாங்கியவர் 60 கஜம் ஓடி டச்டவுன் போடுகிறார். தாளில்: குவார்ட்டர்பேக், 60 கஜம், ஒரு டச்டவுன். வழி வெட்டிய மூவருக்கும் பூஜ்யம்கூட இல்லை. அவர்களுக்குப் பத்தியே கிடையாது.

1973 முதல் புழக்கத்தில் இருக்கும் பாஸர் ரேட்டிங் இந்தத் தாளிலிருந்துதான் பிறக்கிறது. எறிந்ததில் எத்தனை சதவீதம் சேர்ந்தது, ஒரு எறிதலுக்கு எத்தனை கஜம், டச்டவுன் சதவீதம், இன்டர்செப்ஷன் சதவீதம் என்று நாலு உறுப்பு. ஒவ்வொன்றும் 0-க்குக் கீழே போகாது, 2.375-ஐத் தாண்டாது. கூட்டி, 6-ஆல் வகுத்து, 100-ஆல் பெருக்க வேண்டும். உச்சம் 158.3.

2001 ஜனவரியில் நடந்த சூப்பர் பவுலில் பால்டிமோர் ரேவன்ஸின் டிரென்ட் டில்ஃபருக்குப் போட்டுப் பார்ப்போம். 25-இல் 12 சேர்ந்தது, அதாவது 48 சதவீதம். 30-ஐக் கழித்து 0.05-ஆல் பெருக்கினால் 0.9. 153 கஜத்தை 25-ஆல் வகுத்தால் 6.12, 3-ஐக் கழித்து 0.25-ஆல் பெருக்க 0.78. டச்டவுன் ஒன்று, 4 சதவீதம், 0.2-ஆல் பெருக்க 0.8. இன்டர்செப்ஷன் இல்லை, எனவே முழு 2.375. கூட்டினால் 4.855. ரேட்டிங் 80.9. சுமார்தான். பால்டிமோர் 34-7 என்று வென்றது.

மேலே சொன்ன 2016 ஆட்டத்தில் மேனிங்குக்கு 56.6. வெற்றி. 2018 சூப்பர் பவுலில் பிலடெல்பியாவுக்கு எதிராக நியூ இங்கிலாந்தின் டாம் பிரேடி 505 கஜம் எறிந்தார், 3 டச்டவுன், இன்டர்செப்ஷன் இல்லை, அவர் அணி ஒரு தடவைகூடப் பந்தை உதைத்து எதிரணிக்கு விட்டுக்கொடுக்கவில்லை (பன்ட்). ரேட்டிங் 115.4. தோல்வி, 41-33. அவர் தற்காப்பு 41 புள்ளியை விட்டுக்கொடுத்தது. அந்த ரேட்டிங்கில் சாக் (எறிவதற்குள் அவரைப் பிடித்து வீழ்த்துவது) கிடையாது, அவர் காலால் ஓடியதும் கிடையாது. தற்காப்பைச் சேர்க்க அதில் இடமே இல்லை.

அப்படியானால் குவார்ட்டர்பேக் வெறும் அலங்காரமா? அதுவும் தப்பு. இரண்டு காயங்கள் இதற்குப் பதில் சொல்கின்றன.

2008. முதல் ஆட்டத்தின் முதல் கால்பகுதியிலேயே பிரேடியின் முழங்கால் போய்விட்டது. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு எந்த ஆட்டத்தையும் தொடக்கக் குவார்ட்டர்பேக்காக ஆடியிராத மேட் காசல் வந்தார். நியூ இங்கிலாந்து 11-5, அதாவது 11 வெற்றி, 5 தோல்வி. அமைப்புதான் எல்லாம் என்பவர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் முந்தைய வருஷம் பிரேடியோடு அதே அணி 16-0, 589 புள்ளி. காசலோடு 410. ஆட்டத்துக்கு 11 புள்ளிக்கு மேல் காணாமல் போயிருக்கிறது. சீசன் முடிவில் வரும் நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபுக்கும் போகவில்லை.

2011. மேனிங் அப்போது இண்டியானாபொலிஸில். கழுத்து அறுவைச் சிகிச்சையால் சீசன் முழுவதும் ஆடவில்லை. முந்தைய வருஷம் 10-6 எடுத்த அணி முதல் 13 ஆட்டங்களையும் தோற்று 2-14 என்று முடித்தது. மூன்று பேரை அந்த இடத்தில் போட்டுப் பார்த்தார்கள். 2012-இல் மேனிங் டென்வருக்குப் போனார். 8-8 ஆக இருந்த டென்வர் 13-3 ஆனது. அதே வருஷம் இண்டியானாபொலிஸ் புதுக் குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக்கை எடுத்து 11-5 ஆனது.

ஒரே மாதிரியான இழப்பு, இரண்டு விதமான விளைவு. மேனிங் இல்லாத இண்டியானாபொலிஸுக்கு வேறு திட்டமே இருக்கவில்லை. ஸ்நாப்புக்கு முன் கையைக் காட்டிக் காட்டி ஆட்டத்தை மாற்றுவது அவர் வேலை, மற்றவர்கள் அதற்கேற்ப ஓடுவார்கள். நியூ இங்கிலாந்தில் மாற்று ஆளுக்கும் பொருந்துகிற ஆட்டம் இருந்தது. களத்தில் ஆடும் 22 பேரில் ஒருவரைச் சொல்லச் சொன்னால் நான் குவார்ட்டர்பேக்கைத்தான் சொல்வேன், யோசிக்கவே வேண்டாம். பாதிப் பங்கு அவருக்கா என்றால், இல்லை.

உதைப்பவரை மறந்துவிடுகிறோம். 1991 சூப்பர் பவுலில் பஃபலோவின் ஸ்காட் நார்வுட் கடைசி நொடிகளில் 47 கஜத்திலிருந்து உதைத்த பந்து கம்பங்களுக்கு வலப்பக்கம் விலகியது. 20-19 என்று தோல்வி. பஃபலோ குவார்ட்டர்பேக் ஜிம் கெல்லி "கோப்பை வெல்லாதவர்" ஆனார். 2002 சூப்பர் பவுலில் நியூ இங்கிலாந்தின் ஆடம் வினட்டேரி 48 கஜத்திலிருந்து உதைத்தது உள்ளே போனது, 20-17. 145 கஜம் எறிந்த பிரேடி ஆட்டநாயகன் ஆனார். ஒரு கஜம் வித்தியாசத்தில் இரண்டு உதை, அதற்குள் இரண்டு பேருடைய சரித்திரம்.

முன்வரிசைக்கும் இதே கதை. 2021 சூப்பர் பவுலில் கன்சாஸ் சிட்டியின் இரண்டு தொடக்க டேக்கிள்களும் காயத்தில் வெளியே. குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் ஆட்டம் முழுவதும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். ஒரு டச்டவுனும் இல்லை, 31-9 என்று தோல்வி. எறிய ஆள் இருந்தும் எறிய நேரம் இல்லை.

கடைசியாக, அந்த 80.9 டில்ஃபருக்கு என்ன ஆயிற்று? பால்டிமோரின் தற்காப்பு அந்த சீசனில் 16 ஆட்டங்களில் விட்டது 165 புள்ளிதான். அணித் தாக்குதல் தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் ஒரு டச்டவுன்கூடப் போடாத காலமும் அதே சீசனில் இருந்தது. நிர்வாகம் பங்கைத் தன் கணக்கில் பிரித்தது: கோப்பை வாங்கித் தந்தவரை வெளியே அனுப்பிவிட்டு, கூடுதல் எறிதிறன் உள்ளவர் என்று எல்விஸ் கிர்பாக்கைக் கொண்டுவந்தது. 12-4 ஆக இருந்த அணி 10-6 ஆகி, பிளேஆஃபில் பிட்ஸ்பர்க்கிடம் தோற்றது. "பார்த்தீர்களா, டில்ஃபர்தான்" என்று சொல்லத் தோன்றும். பொறுங்கள். முந்தைய சீசனில் 1,364 கஜம் ஓடிய ஜமால் லூயிஸ் 2001 ஆகஸ்ட் பயிற்சி முகாமிலேயே முழங்காலை உடைத்துக்கொண்டு அந்த வருஷம் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.